கேணல் இல்லை, கொரனல்

பெயர் தெரியாத சாமானைத் தொடமாட்டார். இதைத்தான் அந்த அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "சாமானுகளின்ர பேரைப் பிழையில்லாமல் எழுதும். என்ர பேர் ஆருக்கு வேணும்?" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் ஒஸ்லோவின் ஒரு சிறிய காட்சிச்சாலையில் துப்புரவு வேலை செய்தோம். பழைய வாள்களும் கவசங்களும் குதிரைச் சேணங்களும் வைத்திருந்த இடம். அவர் ஸ்டோவ்னரிலிருந்து வருவார், நான் ஹவுகெட்டோவிலிருந்து. காலையில் பின்கதவில் சந்திப்போம். பத்து மணிக்குச் சனம் வருவதற்குள் நிலம், கண்ணாடி, கழிப்பறை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நான் மன்னார். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், என்னைவிடப் பத்து வயது கூட. ஒல்லியான உடம்பு. நடந்தால் காலடி கேட்காது.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தவள், "அக்கா, உதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றேன்.

"எதை?"

"உந்த... தண்ணி வழிக்கிறதை."

அது அவர் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்தார், ஆனால் தரவில்லை. "இதுக்கு நோர்வேஜியனிலை பேர் நால். நால் எண்டு கேளும், தாறன்."

"விளங்கினால் காணும்தானே அக்கா?"

"இண்டைக்கு எனக்கு விளங்கும். நாளைக்குப் பக்கத்திலை நிக்கிறவனுக்கு விளங்காட்டி?"

நால் என்று சொன்னேன். தந்தார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு பழகிவிட்டது. அவர் போகிற இடமெல்லாம் இதே கதைதான். வைத்தியரிடம் போனால் முழங்காலில் தட்டுகிற சுத்தியலுக்கு என்ன பெயர் என்று கேட்டுவிட்டுத்தான் காலை நீட்டுவார். ஒருநாள் நிலத்தடி ரயில் சாரதியை மேடையில் மறித்துக் கேட்டிருக்கிறார், ஓடும்போது காலால் அமத்திக்கொண்டே இருக்கிறீரே, அதற்கு என்ன பெயரென்று. அவன் சொன்ன நோர்வேஜியச் சொல்லை மறுநாள் என்னிடம் கொண்டுவந்தார். "செத்தவன்ர மிதியாம்! சாரதி செத்து விழுந்தால் கால் எடுபடுமாம், ரயில் தானாய் நிக்குமாம்." குளித்துவிட்டு வந்தவர்போல முகம் தெளிந்திருந்தது.

எதையும் எழுதி வைக்கமாட்டார். "எழுதி வைச்சால் கைக்குத்தான் தெரியும். வாய்க்குத் தெரியாது" என்பார். நிலம் துடைத்தபடியே புதுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போவார். தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் ஏதோ செபம் என்று நினைப்பார்கள்.

ஒரு செத்தவீட்டில் மட்டும் எனக்கு உடம்பு கூசிப்போனது. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். பெட்டி வைத்திருந்த மண்டபத்தில் அழுகை அடங்கவில்லை. அக்கா மலர் வைத்துக் கும்பிட்டார். பிறகு பெட்டியைக் கொண்டுவந்த நோர்வேஜியரிடம் போய், பித்தளைப் பிடியைப் பெட்டியோடு பூட்டியிருக்கும் திருகாணிக்கு என்ன பெயர் என்று கேட்டார். சுற்றி நின்றவர்களின் அழுகை நின்றுவிட்டது. செத்தவரின் மச்சான் வந்து, "என்ன அக்கா, விசரோ? கேக்கிற இடமோ இது?" என்று பல்லைக் கடித்தார்.

அக்கா கோபிக்கவில்லை. "தூக்கிக்கொண்டு போகேக்கை பிடி கழண்டால், ஆரைப் பாத்து என்னண்டு கத்துவியள்?" என்றார்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்கு அவரோடு ரயிலில் திரும்பி வரவே வெட்கமாக இருந்தது.

காட்சிச்சாலையில் அவருக்குச் சவாலாக ஒரு சாமான் கிடந்தது. கடைசிக் கண்ணாடிப் பெட்டிக்குள், கைப்பிடியளவில் ஒரு இரும்பு. குட்டிக் கிரீடம்போல இருக்கும். மேலே நாலு மொட்டைப் பற்கள், கீழே குழாய்போல ஓட்டை. பக்கத்திலிருந்த கடதாசித் துண்டில் 'ஈட்டியின் பகுதி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"பகுதியெண்டால் என்ன பகுதி? என்னைக்கூடச் சனத்தின்ர பகுதி எண்டு எழுதலாம்" என்று பொருமுவார். காவலாளியிடம் கேட்டார். நுழைவுச்சீட்டுக் கொடுப்பவரிடம் கேட்டார். கண்ணாடி போட்ட ஒரு படித்த பெண், அது ஈட்டி முனை என்றார். அக்கா விடவில்லை. "முனையெண்டால் குத்த வேணும். உது குத்தாது. உவவுக்கும் தெரியேல்லை" என்று என்னிடம் வந்து சொன்னார். எட்டு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டியின் கண்ணாடியை அவர் துடைக்கவேயில்லை. நான்தான் துடைத்தேன்.

இரும்புகளுக்கு எண்ணெய் பூச, ஓய்வு பெற்ற ஒரு கிழவர் எப்போதாவது வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்திருந்தார். நான் கழிப்பறையில் நின்றேன். அக்கா ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"கொரனல்!"

"என்ன, கேணலோ?" என்றேன். எங்கள் நாட்டுச் சனத்துக்குத் தெரிந்தது படையில் இருக்கிற கேணல்தானே.

"கேணல் இல்லை, கொரனல். ஆங்கிலச் சொல்லாம். நோர்வேஜியனிலை என்னண்டு சொல்லுறதெண்டு அவருக்கும் தெரியாதாம்."

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு எனக்கு விளக்கினார். அந்தக் காலத்து வீரர்கள் இரண்டு பேர் கவசம் போட்டு, குதிரையில் எதிரெதிராகப் பாய்ந்து வந்து, நீட்டு ஈட்டியால் மோதி ஒருவரை ஒருவர் விழுத்துவார்களாம். சண்டையென்றால் கூர்முனை. விளையாட்டென்றால் இந்தக் கொரனலை ஈட்டியின் நுனியில் செருகி ஆணி அடிப்பார்களாம். நாலு பல்லும் கேடயத்தில் பிடிக்கும். ஆளைத் தள்ளும், ஆனால் துளைக்காது. "கொரனல் இருந்தால் விளையாட்டு. இல்லாட்டிக் கொலை" என்றார். அன்று கடைசிப் பெட்டிக் கண்ணாடியை அவரே துடைத்தார். இரண்டு தரம் துடைத்தார்.

அடுத்த கோடையில் கடலோரப் புல்வெளி ஒன்றில் மூன்று நாள் விழா நடந்தது. எல்லாம் பழங்காலத்து மாதிரி: கூடாரம், கொல்லன் பட்டறை, முழுப் பன்றி வாட்டல். எங்கள் துப்புரவு நிறுவனத்துக்குக் குப்பை பொறுக்கும் வேலை கிடைத்திருந்தது. நானும் அக்காவும் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு போனோம். விழாவின் பெரிய காட்சியே குதிரை ஈட்டி மோதல்தான். அதற்கென்று இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது.

நடுவே நீளமாக ஒரு மரத்தடுப்பு. அதன் இரண்டு பக்கமும் குதிரைகள் ஓடும் பாதை. சுற்றிவரக் கயிறு. கயிற்றுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் சனம், தோளில் பிள்ளைகள். முதல் மோதலில் பச்சைச் சட்டை வீரனின் ஈட்டி எதிராளியின் கேடயத்தில் 'ணங்' என்று பட்டது. யாரும் விழவில்லை. ஈட்டியும் முறியவில்லை. இடைவேளை விட்டார்கள். நாங்கள் கயிற்றோரமாகக் குப்பை பொறுக்கிக்கொண்டு போனோம்.

அக்கா வைக்கோலுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். கடதாசிக் கோப்பையாக்கும் என்று சாக்கை விரித்துப் பிடித்தேன். அவர் போடவில்லை. உள்ளங்கையில், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தமாதிரியே ஒரு இரும்பு. நாலு மொட்டைப் பல். கீழே ஓட்டைக்குள் வளைந்துபோன ஒரு ஆணி.

நிமிர்ந்து பார்த்தார். பாதையின் அந்த முனையில் பச்சைச் சட்டை வீரன் குதிரையில் ஏறி, அதே ஈட்டியை வாங்கிக்கொண்டிருந்தான். கொரனலின் குழாய்க்குள் போவதற்காக ஈட்டியின் நுனியைச் செதுக்கி ஒடுக்கியிருந்தார்கள். இப்போது அது சீவிய பென்சில்போலத் தெரிந்தது.

அக்கா மஞ்சள் தொப்பி போட்ட காவலாளியிடம் ஓடினார். ஈட்டி கூராக இருக்கிறது, மூடி கழன்றுவிட்டது, நிறுத்து என்று நல்ல நோர்வேஜியனில்தான் சொன்னார். அவன் சிரித்தான். "எல்லாம் நடிப்பு அம்மா. பயப்படாதீர்கள்" என்றான். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. முரசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா கயிற்றைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"விடும்!"

"அக்கா, வேலை போயிடும்! உள்ளுக்குப் போகக்கூடாதெண்டு காலமையும் சொன்னவங்கள்!"

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஒல்லியான உடம்புக்குள் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை. உதறிவிட்டுக் கயிற்றுக்குக் கீழால் புகுந்து, மரத்தடுப்பை நோக்கி ஓடினார். இரும்பை உயர்த்திப் பிடித்தபடி, "கொரனல்! கொரனல்!" என்று கத்தினார்.

குதிரைகள் இரண்டும் புறப்பட்டுவிட்டன.

தடுப்பின் நடுவே, குதிரைகளைப் பராமரிக்கும் ஆங்கிலப் பெண் ஒருத்தி நின்றாள். நரைத்த தலை, தோல் மேலங்கி. அந்த இரைச்சலுக்குள் அவளுக்கு வேறெதுவும் கேட்டிராது. ஆனால் அந்தச் சொல் கேட்டது. திரும்பி அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு வந்துகொண்டிருந்த ஈட்டியின் நுனியைப் பார்த்தாள். அவள் போட்டதுபோல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பச்சைச் சட்டை வீரன் கடைசிக் கணத்தில் ஈட்டியை வானத்துக்குத் தூக்கினான். எதிரே வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஈட்டி பச்சைச் சட்டையின் கேடயத்தில் முழு வேகத்தோடு பட்டுச் சிதறியது. பச்சைச் சட்டை பின்புறமாகப் பறந்து நிலத்தில் விழுந்தான். ஆளில்லாத குதிரை அக்காவை உரசிக்கொண்டு போனது. அவர் அசையவில்லை.

சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. விழுந்தவன் முனகிக்கொண்டு கிடக்கிறான், பிள்ளைகள் தோளில் இருந்து துள்ளுகிறார்கள், ஒலிபெருக்கி வெற்றி வெற்றி என்கிறது.

விழுந்தவனுக்குத் தோளெலும்புதான் உடைந்தது. மற்றவன் குதிரையிலிருந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான். அறுபது வயதிருக்கும், பழுத்த மனிதன். நிலத்தில் கிடந்த, கொரனல் கழன்ற ஈட்டியைத் தூக்கி, அந்தக் கூர்நுனியைப் பார்த்தான். கையிலிருந்த தலைக்கவசத்தின் கண் துவாரத்தைப் பார்த்தான். அப்படியே புல்லில் முழங்கால் குத்தி வாந்தியெடுத்தான்.

ஆங்கிலப் பெண் அக்காவிடம் வந்து, அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா இரும்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். அதை விரல்களிலிருந்து பிரித்தெடுக்க நான்தான் உதவி செய்ய வேண்டியிருந்தது.

வேலையாட்களின் கூடாரத்தில் அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் கதைத்தார்.

"என்ர தங்கச்சி வசந்தியை உமக்குத் தெரியாது."

"நீங்கள் சொன்னதில்லையே அக்கா."

"வடக்கிலை பாட்ஸ்பியோர்ட் எண்ட ஊரிலை, மீன் வெட்டுற இடத்திலை நாங்கள் ரெண்டு பேரும் வேலை. வந்து மூண்டு கிழமை. அவளுக்குப் பத்தொன்பது வயசு. கையுறை மெசினுக்குள்ளை இழுபட்டிட்டுது. எனக்குப் பக்கத்திலை, இந்த முழங்கை முட்டுற தூரத்திலை, சுவரிலை சிவத்தப் பொத்தான். அங்காலை நிண்ட மேற்பார்வையாளர் என்னைப் பாத்து நோட்ஸ்டொப், நோட்ஸ்டொப் எண்டு கத்தினவர்."

நோட்ஸ்டொப் என்றால் அவசர நிறுத்தம். இங்கே எந்த மெசினிலும் அந்தச் சொல் இருக்கும்.

"எனக்கு அந்தச் சொல்லுத் தெரியாது. என்னை விலத்தச் சொல்லுறார் எண்டு நினைச்சன்." அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "விலத்தினனான், பிள்ளை. பொத்தானை விட்டிட்டு விலத்தி நிண்டனான்."

வசந்தியின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

நான் அவர் முதுகைத் தடவினேன். அப்போதுதான் அவருடைய வலது கையைக் கண்டேன். முழங்கைக்குக் கீழே நாலு நீளக் கீறல், ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என்னுடைய நகங்கள்.

திங்கட்கிழமை நிறுவனத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். கயிற்றைத் தாண்டியதற்கு விழாக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். மேலாளர் முதலில் என்னிடம் கேட்டார்: "நீங்கள் அவரைத் தடுக்கப் பார்த்தீர்களா?"

"ஓம்" என்றேன்.

"நல்லது. அதுதான் சரியான முறை" என்று என்னைப் பாராட்டினார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கொடுக்கும்போது கீறலைக் கண்டு, கையில் என்ன காயம் என்று கேட்டார்.

"கயிறு உரஞ்சினது" என்றார் அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து நான் அழுதேன். "நான் பிடிச்சது பிடிச்சபடி நிண்டிருந்தால் அந்த மனிசன் செத்திருப்பான் அக்கா."

"நீர் எனக்கு வேலை போகக்கூடாதெண்டு பிடிச்சனீர். எனக்குத் தெரியும். வாரும், ரயில் வரப்போகுது."

இரண்டு கிழமையில் அந்த இங்கிலாந்துக் குழுவிடமிருந்து, அக்கா ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த பாராட்டை யாரும் எடுக்கவில்லை.

அந்த மாரியில் வசந்தி மேற்குக் கரையிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தார். அக்கா என்னை ஸ்டோவ்னருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். முகம் தொங்கிய ஒரு பெண்ணை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் கொழுத்த கன்னமும் வாய் நிறையச் சிரிப்புமாக நின்றார். சொந்தக் காரை மலை தாண்டித் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். நகரசபையில் வேலை.

அக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். விழாவில் நடந்ததை நான் வசந்திக்குச் சொன்னேன், கூடாரத்துக்குள் அக்கா சொன்னதையும் சேர்த்து. வசந்தியின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"மேற்பார்வையாளர் கத்த முதலே கை போயிட்டுது அக்கா."

"என்ன சொல்லுறீர்?"

"அந்த மெசினுக்குக் கண் மூடித் திறக்கிற நேரம்கூடத் தேவையில்லை. கை போன பிறகுதான் அவர் கத்தினவர். பொத்தானை அமத்தியிருந்தாலும் ஒண்டும் மிஞ்சியிராது. ஆஸ்பத்திரியிலையும் அதைத்தான் சொன்னவை."

நால், செத்தவனின் மிதி, சவப்பெட்டித் திருகாணி, இத்தனை வருடமாக ஒவ்வொன்றாக வாயில் ஏற்றிக்கொண்ட அத்தனை பெயரும், நடக்காத ஒரு குற்றத்துக்காகவா? அந்த நடக்காத குற்றத்தால்தான் இங்கிலாந்தில் ஒரு மனிதன் இன்று இரண்டு கண்ணோடும் உயிரோடும் இருக்கிறான். சந்தோஷப்படுவதா, நெஞ்சில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இதை அவவுக்குச் சொல்லேல்லையோ?"

"பதினேழு வருசமாய்ச் சொல்லுறன். நான் தன்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறா."

அக்கா சோற்றையும் பொரியலையும் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பரிமாறினார். பிறகு வசந்தியின் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, மீனைப் பிளந்து, குனிந்திருந்து முள் எடுக்கத் தொடங்கினார். நடுமுள், பக்கமுள், மயிர்போன்ற சின்ன முள்கூட. ஒவ்வொரு துண்டையும் விரலால் அமத்திப் பார்த்து ஓரமாக வைத்தார்.

வசந்தி என் பக்கம் சாய்ந்தார்.

"எனக்கு ஒரு கையாலை முள்ளெடுக்கத் தெரியும். வீட்டிலை பிள்ளையளுக்கு நான்தான் எடுத்துக் குடுக்கிறது" என்றார் மெல்லிய குரலில். "இஞ்சை வந்தால் மட்டும் தெரியாது."

அக்காவுக்குக் கேட்கவில்லை. மீனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இன்னொரு முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார். வசந்தி இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, பசித்த பிள்ளைபோலக் காத்திருந்தார்.